மயிற்கொன்றை: யாழ்ப்பாணத்து வளவில் இனங்கண்டு நட்டு வளர்க்கும் முறை

எங்கள் வளவின் மேற்கு மதிலோரம் ஒரு குல்மோகர் மரம் நிற்கிறது. அதை மரமென்று நினைத்து நான் நடவில்லை. 11 வருடங்களுக்கு முன் ஒரு நாற்றுமேடையில் “மயிற்கொன்றைக் கன்று இருக்கோ?” என்று கேட்டேன். இருக்கு என்று ஒரு பையைத் தூக்கித் தந்தார்கள். முழங்கால் உயரம், இறகு இறகாக இலை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும் செடிதானே என்று மதிலிலிருந்து 4 அடி தள்ளி நட்டேன். இன்று அது வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது. மதிலின் அடியும் வெடித்துவிட்டது. மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பூக்கும் நாட்களில் ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் மதிலைத் திருத்துவதா, மரத்தைத் தறிப்பதா என்று யோசிக்க வேண்டி வந்தபோதுதான், கன்றிலேயே இனங்காணத் தெரிந்திருந்தால் எவ்வளவு நல்லது என்பது உறைத்தது. அதனால் இந்த வழிகாட்டியில் இனங்காண்பது முதலில் வருகிறது, நடுவது பிறகு.

பெயர் செய்யும் குழப்பம்

நான் தேடியது சீசல்பீனியா புல்செரிமா என்ற செடி. புல்செரிமா என்றால் லத்தீனில் “மிக அழகியது” என்று பொருள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் பொயின்சியானா புல்செரிமா. நான் வாங்கி ஏமாந்த மரம் டெலோனிக்ஸ் ரீஜியா, மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதையும் ஒரு காலம் பொயின்சியானா என்ற அதே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். தமிழில் அந்த மரத்தைச் செம்மயிற்கொன்றை என்றும் சொல்வதுண்டு. தாவரவியலாளருக்கே ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிந்தவை நாற்றுமேடையில் மாறிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். சிவபெருமான் சூடும் கொன்றை இது இல்லை. அது பொன் சரம்போலத் தொங்கும் சரக்கொன்றை, நம் மண்ணில் பழங்காலம்தொட்டு நிற்கும் மரம். மயிற்கொன்றையின் ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. பார்படோஸ் நாட்டின் தேசிய மலரும் இதுதான். இங்கே வந்து பெயரும் எடுத்து, முற்றத்திலும் சாமித் தட்டிலும் இடம்பிடித்துவிட்டதால் நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. பூவின் நீண்ட கேசரங்கள், அதாவது மகரந்தம் தாங்கும் இழைகள், மயிலின் கொண்டைபோல விரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

கன்றிலேயே இனங்காணுதல்

பூ வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இலையைப் பாருங்கள். இரண்டிலும் இலை இருமுறை பிரியும்: நடுக்காம்பிலிருந்து பக்கக்காம்புகள், பக்கக்காம்புகளில் சிற்றிலைகள். வித்தியாசம் எண்ணிக்கையிலும் அளவிலும் இருக்கிறது. மயிற்கொன்றையில் பக்கக்காம்புகள் 3 முதல் 10 சோடி வரைதான். சிற்றிலை ஒன்றரை முதல் இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். நுனி உருண்டு, ஏறக்குறைய சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் இருக்கும். குல்மோகரில் சிற்றிலை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான், ஒடுக்கமானது, நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும். இலையை உள்ளங்கையில் விரித்து வையுங்கள். சிற்றிலைகளை ஒவ்வொன்றாக எளிதில் எண்ண முடிந்தால் அது மயிற்கொன்றை. எண்ணப் பொறுமை போய்விட்டால் குல்மோகர்.

அடுத்தது தண்டு. மயிற்கொன்றையின் கிளைகளில் பெரும்பாலும் ஆங்காங்கே சிறு முட்கள் இருக்கும். முள்ளே இல்லாத செடிகளும் உண்டு, ஆகவே முள் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். முள் இருந்தால் அது குல்மோகர் இல்லை என்பது உறுதி.

பூவில் சந்தேகத்துக்கே இடமில்லை. கிளை நுனியில் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். கீழிருந்து மேலாக விரிந்துகொண்டு போவதால் அடியில் பூ, நடுவில் மொட்டு, உச்சியில் கடுகளவு அரும்பு என்று ஒரு கோபுரம்போலத் தெரியும். ஒவ்வொரு பூவுக்கும் 5 இதழ்கள், ஓரம் சுருங்கி நெளிந்திருக்கும். சிவப்பு இதழுக்கு மஞ்சள் கரை கட்டியதுபோல இருப்பதே நம் ஊரில் அதிகம் காணும் வகை. ஐந்தில் ஓர் இதழ் மட்டும் சிறியது, அடியில் குழாய்போல ஒடுங்கியது. நடுவிலிருந்து 10 கேசரங்கள் இதழ்களைத் தாண்டி வெகுதூரம் நீண்டு வெளியே நிற்கும், சிவப்பு நூல்போல. குல்மோகர்ப் பூவில் கேசரங்கள் இவ்வளவு துருத்தி நிற்பதில்லை. இதழ்கள் கரண்டிபோல அகன்றவை, ஓர் இதழில் மட்டும் வெள்ளையும் மஞ்சளும் தெறித்திருக்கும்.

காய் பிடித்த செடி என்றால் இன்னும் எளிது. மயிற்கொன்றைக் காய் தட்டையானது, 6 முதல் 12 சென்ரிமீற்றர் வரை, ஒரு விரல் நீளம். குல்மோகரின் காய் வாள்போல ஓர் அடிக்கு மேல் நீண்டு, கறுத்து, மரக்கட்டைபோல மாதக்கணக்கில் தொங்கும்.

மஞ்சள் மட்டும் பூக்கும் வகையும் இளஞ்சிவப்பு வகையும் உண்டு. அவையும் இதே செடிதான். வளர்ப்பிலும் வேறுபாடு இல்லை.

ஊரில் உள்ள மற்றச் சிவப்புப் பூக்கள்

அவரைக் குடும்பத்திலேயே நம் வேலிகளில் சிவந்து பூப்பவை வேறு இரண்டு உண்டு. ஒன்று முள்முருக்கு. கலியாண வீட்டில் கன்னிக்கால் ஊன்றுவதற்கு முறிப்போமே, அதே மரம். கதியாலாகவும் போடுவோம். இலை மூன்று மூன்றாக, கையளவு அகலம். ஒரு பார்வையிலேயே பிரித்துவிடலாம். மற்றது செவ்வகத்தி. அகத்தி இலை ஒருமுறை மட்டுமே பிரியும், நடுக்காம்பின் இரு பக்கமும் நேரே சிற்றிலைகள். பூ பெரியது, வளைந்த மொட்டு, அவரைப் பூவின் வடிவம். விரதம் முடித்துப் பாறணைக்கு அகத்தி ஆய்ந்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விடயம் முக்கியம்: அகத்தி இலையும் பூவும் சமைக்கலாம், மயிற்கொன்றையில் எதையும் சமைக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சிறுபிள்ளைகள் கார்த்திகைப்பூவையும் இதோடு மாற்றிச் சொல்வதுண்டு. சிவப்பும் மஞ்சளும் நெளிந்த இதழும் இரண்டுக்கும் பொது. கார்த்திகைப்பூ கிழங்கிலிருந்து வரும் கொடி, இலை நுனியால் பற்றிப் படரும். அவரைக் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

விதை எடுப்பதும் முளைக்க வைப்பதும்

தடி நட்டும் பார்க்கலாம், ஆனால் வேர் பிடிப்பது கடினம். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. விதைதான் நம்பிக்கையான வழி.

காய் பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை முற்றியிருக்காது. நன்றாக முற்றிக் கபில நிறமாகக் காய்ந்ததும் வெயிலில் ஒருநாள் “டக்” என்று வெடித்து, இரு தோடும் முறுகி, விதை எங்கேயோ தெறித்துவிடும். ஆகவே காய் நிறம் மாறத் தொடங்கியதும் ஒரு பழைய மெல்லிய துணியைப் பைபோலக் கட்டிவிடுங்கள். வெடித்தாலும் விதை பைக்குள் கிடக்கும். தட்டையான கபில நிற விதை.

நான் முதன்முறை 20 விதைகளை அப்படியே மண்ணில் புதைத்தேன். முளைத்தது ஒன்று. விதை பழுதென்று நினைத்தேன். பழுது இல்லை, தோல்தான் கல்மாதிரி. தண்ணீர் உள்ளே போகாதவரை விதை உறங்கிக்கொண்டே இருக்கும். மழையையும் வெயிலையும் மாறி மாறிக் கண்டு தோல் மெலிந்த பிறகே எழும்பும். அதை நாம் விரைவாக்கலாம், இரண்டு வழி இருக்கிறது.

எனக்குப் பிடித்தது தேய்ப்பது. விதையைக் காயோடு ஒட்டியிருந்த முனையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க விளிம்பைக் கிணற்றுக் கட்டின் சொரசொரப்பான சீமெந்தில் அல்லது சாண்ட் பேப்பரில் நாலைந்து தரம் உரசுங்கள். உள்ளே வெளிறிய நிறம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் போனால் பருப்பில் காயம் படும். பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் நன்றாக ஊதியிருந்தால் தேய்த்தது சரி. ஊதாதவற்றை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள்.

நிறைய விதை இருந்தால் சுடுதண்ணீர் முறை. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையைப் போட்டு மூடி, அப்படியே ஆறவிட்டு மறுநாள் வரை வையுங்கள். அடுப்பில் வைத்தே அவித்துவிடாதீர்கள், விதை செத்துவிடும்.

முளைக்கப் போடுவதற்கு உயரமான பொலித்தீன் பை நல்லது, சிரட்டை போதாது. இதன் ஆணிவேர் முதல் மாதத்திலேயே கீழே ஓடப் பார்க்கும். மேல்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்புங்கள். பையின் அடியில் ஓட்டை இருக்கட்டும். விதையை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து மூடி, ஈரம் காயாமல் தெளித்து வந்தால் 1 முதல் 2 கிழமைக்குள் முளை தெரியும். தொடக்கம் முதலே வெயில் படும் இடத்தில் வையுங்கள். நிழலில் வைத்தால் கன்று நெடுநெடுவென்று மெலிந்து வளரும்.

எப்போது போடுவது? ஆவணி கடைசி என்பதுதான் என் பதில். ஆவணியில் போட்டால் ஐப்பசி மழை தொடங்கும்போது கன்று நடும் அளவுக்கு வந்திருக்கும். மாரி முழுவதும் வானமே தண்ணீர் விடும். தை பிறக்கும்போது வேர் ஆழம் போயிருக்கும். அடுத்த சோளகம் வீசும்போது நீங்கள் வாளியோடு ஓடத் தேவையில்லை. சித்திரையில் நட்டவர்களின் கன்றுகளையும் பார்த்திருக்கிறேன். அவை சாகவில்லை, ஆனால் ஆறு மாதம் நின்ற இடத்திலேயே நின்றன.

இடமும் மண்ணும்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் ஒரே ஆலோசனை சொன்னால் அது பாதிப் பேருக்குப் பிழைத்துவிடும். நம் மண் ஊருக்கு ஊர் வேறு.

வலிகாமத்தில் சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய் பக்கம் செம்பாட்டு மண் என்றால் உங்களுக்குக் கவலை குறைவு. தண்ணீர் தேங்காது, வேர் இறங்கும். இருந்தாலும் அலவாங்கு போட்டுப் பாருங்கள். சில வளவுகளில் செம்மண் ஓர் அடிதான், கீழே சுண்ணாம்புக்கல். அப்படி இடறினால் குழியைப் பக்கவாட்டில் அகலமாக எடுங்கள்; கல்லில் வெடிப்புத் தெரியும் இடத்தைத் தேர்ந்தால் வேர் அதற்குள் வழி கண்டுபிடிக்கும். கல் கிட்டவாக இருக்கும் மண்ணில் காரத்தன்மை கூட. அதில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். இதற்கு அடுப்புச் சாம்பலைக் கொட்டுவது நேர்மாறான வேலை, சாம்பல் காரத்தை இன்னும் கூட்டும். மக்கிய எருவும் குழையும் சருகும் அடியில் போட்டு மூடிவைப்பதுதான் நிதானமாகப் பலன் தரும்.

வயற்கரையோடு ஒட்டிய பள்ளக் காணி என்றால் கவனம். இந்தச் செடி வறட்சியைத் தாங்கும், வெள்ளத்தைத் தாங்காது. கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டி நின்றாலே வேர் அழுகத் தொடங்கிவிடும். அங்கே குழி வெட்டாதீர்கள். மண்ணைக் குவித்து ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

வடமராட்சிக் கரையோர மணலில் தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. எருவை இரட்டிப்பாக்குங்கள். வேலணை, புங்குடுதீவு பக்கம் கிணற்று நீர் உவராக இருந்தால், மாரித் தொடக்கத்திலேயே நட்டு மழைநீரில் வேர்பிடிக்க வையுங்கள். உப்புக் காற்று நேரே அடிக்கும் முகப்பில் இலை கருகும். வீட்டின் மறைவில் அல்லது பூவரச வேலியின் உள்பக்கம் இடம் பாருங்கள்.

எந்த மண்ணானாலும் வெயில் விட்டுக்கொடுக்க முடியாதது. ஒரு நாளில் 6 மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். மாமர நிழலில் நட்டால் இலைதான் மிஞ்சும். முள் உள்ள செடி என்பதால் நடைபாதையிலிருந்தும், பிள்ளைகள் சைக்கிள் திருப்பும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள்.

நடுவது

ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி. எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு கலந்து பாதி நிரப்புங்கள். பச்சை எரு வேண்டாம், சூடு வேரைச் சுடும். பையைக் கத்தியால் நீளப் பிளந்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். இந்தச் செடி ஆணிவேர் அறுபட்டால் அதிலிருந்து தேறுவதற்கு வெகுநாள் எடுக்கும். நாற்றைப் பிடுங்கி நடும் பழக்கம் இதற்குச் சரிவராது. தனிச்செடிகளுக்கு இடையில் 6 அடி, வேலிபோல வரிசையாக வேண்டுமென்றால் 3 அடி. நட்ட அன்றே சுற்றிவர நாலு தடி ஊன்றிக் கிடுகு அல்லது பழைய வலை கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டுக்குத்தான் நட்டதாக முடியும்.

தண்ணீரும் எருவும்

முதல் இரண்டு கிழமை மழை இல்லாவிட்டால் நாள்தோறும் ஒரு வாளி. பிறகு மழையைப் பார்த்து விட்டுவிட்டு ஊற்றினால் போதும். மாரி முடிந்தபின் முதல் கோடையில் கிழமைக்கு இரண்டு தரம். இரண்டாம் வருடத்திலிருந்து செம்பாட்டு மண்ணில் கிழமைக்கு ஒரு தரம், அதுவும் இலை சோர்வது தெரிந்தால் மட்டும்.

என் அம்மம்மா தன் முற்றத்து மயிற்கொன்றைக்கு உரம் என்று ஒன்றும் போட்டதில்லை. நான் ஆசையில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, தண்ணி விட்டு விட்டுக் கெடுத்துப்போடாதை, அது பிறகு இலையிலைதான் நிக்கும்” என்றார். அப்படியேதான் நடந்தது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியாவில் ஒரு பிடி இதற்கும் போட்டுவிடுவோம் என்று செய்தாலும் அதே கதை: இலை செழிக்கும், பூ குறையும். மாரிக்கு முன் ஒருதரம், வெட்டியபின் ஒருதரம் மக்கிய எரு போதும்.

அவரைக் குடும்பம் என்பதால் வேர்முடிச்சில் நைதரசனைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அகத்திக்கும் பயறுக்கும் அது உண்மை. மயிற்கொன்றைக்கு அந்த வேர்முடிச்சுகள் வழக்கமாக உண்டாவதில்லை. மண்ணை வளமாக்கத்தான் நடுகிறீர்கள் என்றால் அகத்தியை நடுங்கள்.

நல்ல வெயிலும் அளவான தண்ணீரும் கிடைத்த கன்று ஒரு வருடத்துக்குள் முதல் பூவைக் காட்டிவிடும். வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும். அவை தேன் குடிக்கும்போது நீண்ட கேசரங்களின் மகரந்தம் சிறகில் ஒட்டும், அடுத்த பூவுக்குப் போகும். தேன்சிட்டும் வரும். நல்லூர்த் திருவிழா நாட்களில் ஊரே வெயிலில் காய்ந்து கிடக்கும்போது இந்தச் செடி மட்டும் சிவந்து நிற்பதைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு வருடமும் பெரிய ஆறுதல்.

துணிந்து வெட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் பின்வாங்கும் இடம் இதுதான். வெட்டாமல் விட்ட மயிற்கொன்றை மூன்றாம் வருடத்தில் அடியில் வெறும் தடியும் உச்சியில் நாலு பூவுமாக நிற்கும். பூ வருவது புதுக் கிளையின் நுனியில் மட்டும். புதுக் கிளை வேண்டுமென்றால் பழையதை எடுக்கத்தான் வேண்டும்.

மாசி கடைசியில், மழை ஓய்ந்து நிலத்தில் ஈரம் இன்னும் இருக்கும்போது, எல்லாத் தண்டுகளையும் நிலத்திலிருந்து 2 அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். தளிர் வரும் கணுவுக்கு மேலே சரிவாக, கூரான கத்தரியால் அல்லது வாளால். கத்தியால் கொத்திப் பிளக்க வேண்டாம். கையுறை போடுங்கள். ஒரு மாதத்தில் நாலு பக்கமும் தளிர் வெடிக்கும். முதல்முறை வெட்டியபின் நான் ஒரு கிழமை அந்தப் பக்கம் பார்க்கவே மனமில்லாமல் இருந்தேன். ஆனியில் பூத்த பூக்கள் அதற்கு முந்திய வருடத்தைவிட இரண்டு மடங்கு இருக்கும்.

நோய் பெரிதாக வராது. இளந்தண்டில் வெள்ளைப் பஞ்சுபோல் பூச்சி ஒட்டியிருந்தால் தண்ணீரை வேகமாகப் பீச்சி அடித்து, மிச்சத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழு இலையைத் தின்றால் அதை விட்டுவிடுங்கள். இலை மறுபடி வரும்.

காயும் விதையும்: கவனம்

பூத்து முடிந்த கொத்துகளைக் காய் பிடிக்கும் முன் வெட்டினால் செடி மறுபடி மறுபடி பூக்கும். விதைக்கென்று இரண்டு மூன்று கொத்துகளை மட்டும் விடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விதை நச்சுத்தன்மை உடையது. தின்றால் வயிற்றைக் கலக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. 1705இல் வெளிவந்த தன் நூலில், மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர், தென் அமெரிக்காவின் சூரினாமில் அடிமைப்படுத்தப்பட்ட பெண்கள் தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கக் கூடாதென்று கருக்கலைக்க இந்த விதையைப் பயன்படுத்தியதை எழுதி வைத்திருக்கிறார். இந்த அழகான பூவுக்குப் பின்னால் அப்படியொரு துயரமும் இருக்கிறது. நாட்டு மருந்து என்று யாராவது சொன்னாலும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, இறுக்கி மூடும் போத்தலில் போட்டால் வருடக்கணக்கில் கெடாது. போத்தலின் மேல் பெயரையும் மாதத்தையும், “விதை, வாயில் வைக்கக் கூடாது” என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். அயலவருக்குக் கொடுக்கும்போது அதையே ஒரு துண்டில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.